ராசம்மாளின் ஏழு துளி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் நான் நல்லவள் இல்லை. கடைசிக்குள் எப்படியும் திருந்தி நல்ல பெயர் வாங்கிவிடுவாள் என்று யாராவது நினைத்தால், அந்த நினைப்பை இப்போதே மூட்டை கட்டி வைத்துவிடலாம்.

என் பெயர் காயத்ரி. ஏற்காட்டில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறேன். ஏரிக்கரையில் காப்பித்தூளும் மிளகும் தைலமும் விற்கிற கடைகளில் ஒன்று எங்களுடையது. அப்பா செல்வராஜ் சேலத்துக்காரர். நான் ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது மலைக்கு வந்து கடை போட்டார். ஆகவே நாங்கள் மலையில் இருக்கிறோமே தவிர மலைக்காரர்கள் இல்லை. "மலைக்காரங்களுக்கு என்னங்க தெரியும்" என்று எங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு நாலு தடவையாவது யாராவது சொல்லிவிடுவார்கள். பெரும்பாலும் அந்த யாராவது நான்தான்.

மலர் மலைக்காரி. செம்மநத்தத்துப் பெண். அவள் அப்பா சித்தனுக்கு அங்கே ஒன்றரை ஏக்கர் நிலம், காப்பியும் பேரிக்காயும் கொஞ்சம் சாமையும். மலரும் நானும் ஆறு வருடமாக ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. அவள் அம்மா ராசம்மாள் இரண்டு வருடத்துக்கு முன் மஞ்சள்காமாலையில் இறந்துபோனார்.

செம்மநத்தத்துக்கு மேலே ஒரு மொட்டை மேடு இருக்கிறது. பனி இறங்கினால் அங்கே நீட்டிய கை தெரியாது. ஆன்மேரி மேடம் என்ற ஆராய்ச்சியாளர் மூன்று வருடத்துக்கு முன் அந்த மேட்டில் பன்னிரண்டு வலைகளைக் கட்டினார். வாலிபால் வலை மாதிரிதான், கண்ணி மட்டும் கொசுவலை அளவுக்குச் சிறிது. பனி வந்து மோதித் துளியாகி, வலையில் வழிந்து, குழாயில் இறங்கி, ஊர்த் தொட்டியில் குடிதண்ணீராக நிற்கும். ஆரம்பத்தில் ஆராய்ச்சி என்பது அவ்வளவுதான்.

ஒரு நாள் மேடம் பரிசோதனைக்காக அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டைச் சூடான செம்புத் தட்டில் விட்டிருக்கிறார். தன்னைத் தவிர ஆளே இல்லாத மேட்டு ஷெட்டில் யாரோ இருமியிருக்கிறார்கள். இன்னொரு சொட்டு விட்டதும் ஆட்டு மணிச் சத்தம். மேடம் பயந்து வெளியே ஓடிவந்ததாக அவரே சொல்லியிருக்கிறார்.

அந்த மேட்டு மண் சிவப்பு. அதன் பொடி காற்றில் மிதக்கிறது. ஒவ்வொரு பனித்துளியும் ஒரு தூசியைச் சுற்றித்தான் உருவாகிறது. பனிக்குள் எழுகிற சத்தத்தை அந்தத் தூசி பிடித்து வைத்துக்கொள்கிறது, வருடக்கணக்கில் மேட்டிலேயே கிடக்கிறது, மறுபடி பனி இறங்கும்போது வேறொரு துளிக்குள் ஏறிக்கொள்கிறது. இது மேடத்தின் விளக்கம். இதைச் சித்தனிடம் சொன்னபோது அவர் கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லையாம். "அது எங்களுக்குத் தெரிஞ்சதுதானுங்களே மேடம்" என்றாராம்.

தெரிந்ததுதான். செம்மநத்தத்தில் பனிக்குள் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். 'கூ' என்று ஒரு குரல் கொடுப்பார்கள், பதிலுக்கும் 'கூ'தான். பெயரைச் சொன்னால் பனி அதைக் கற்றுக்கொள்ளும், அப்புறம் அதுவே கூப்பிட்டுப் பள்ளத்துக்கு இழுத்துக்கொண்டு போகும் என்பது அவர்கள் நம்பிக்கை. அதனால் பனிக்குள் உன் பெயர் கேட்டால் வாயைத் திறக்கக் கூடாது, நின்ற இடத்தைவிட்டு அசையக் கூடாது. நடக்கத் தெரிந்ததுமே குழந்தைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். நான் இதைக் கேட்டு மலர் முகத்துக்கு நேராகவே சிரித்திருக்கிறேன்.

மேடம் எங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து இரண்டு பேரை உதவிக்கு எடுத்துக்கொண்டார். மலரும் நானும். சனிக்கிழமைதோறும் ஜீப்பில் போய், வலையைக் கழுவி, தண்ணீரைக் கண்மருந்து பாட்டில் அளவுள்ள சின்னச் சின்ன பாட்டில்களில் பிடித்து, எண் ஒட்டி அடுக்குவோம். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு துளியைத் தட்டில் விட்டு, மேலே கவிழ்த்த தகரப் புனலில் காதை வைத்துக் கேட்டு, என்ன சத்தம் என்று நோட்டில் எழுதுவோம். ஒரு துளி பத்து விநாடி பேசும். அப்புறம் ஆவியாகிப் போய்விடும். போனில் பதிவு செய்து பார்த்தோம், நல்ல மைக் வைத்துப் பார்த்தோம், வெறும் இரைச்சல்தான் வந்தது. மனிதக் காதுக்கு மட்டும்தான் கேட்டது, அதுவும் ஒரே தடவை.

போன மார்கழியில் ஒரு பாட்டில் கிடைத்தது. உள்ளே ஒன்பது துளிதான் இருந்தது. மேடம் முதல் துளியைக் கேட்டுவிட்டு, மலரைக் கையசைத்துக் கூப்பிட்டார். இரண்டாவது துளி அவளுக்கு. புனலில் காதை வைத்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எங்கம்மாடி. என்னயக் கூப்புடறாங்க. பேரு சொல்லிக் கூப்புடறாங்க."

எந்த நாள் என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. ஆறாம் வகுப்பில் ஓடிப்போன ஒரு ஆட்டைத் தேடி மேட்டுக்குப் போனபோது பனி இறங்கிவிட்டதாம். தேடிவந்த ராசம்மாள் எத்தனை 'கூ' கொடுத்தாரோ தெரியாது. கடைசியில் பயத்தில் முறையை மீறிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். காற்று எதிர்ப்பக்கம் அடித்ததில் தன் பெயர் மட்டும் இரண்டு தடவை மலர் காதில் விழுந்திருக்கிறது.

"நான் பதிலே சொல்லல. பனிதான் கூப்புடுதுன்னு நெனச்சு ஒரு பாறைக்குப் பின்னாடி நின்னுட்டேன். ரெண்டு மணி நேரம். பனி வெலகி அம்மா என்னயப் பாக்கறப்ப அவங்களுக்குத் தொண்டையே போயிருச்சு. கட்டிப் புடிச்சுக்கிட்டாங்க. ஏண்டி பதில் சொல்லலன்னு ஒரு வார்த்த கேக்கல. அப்பறம் அதப் பத்தி ரெண்டு பேரும் பேசவே இல்ல."

மீதி ஏழு துளி இருந்தது. மலர் தொடவில்லை. அப்பாவைக் கூட்டிவந்து இரண்டு பேருமாகக் கேட்க வேண்டும் என்றாள். பாட்டிலில் தன் கையாலேயே 'அம்மா' என்று எழுதி ஒட்டினாள். ஆனால் சித்தன் வர மறுத்துவிட்டார். "போனவள எதுக்குச் சாமி கூப்புட்டுத் தொந்தரவு பண்ணோணும்" என்பாராம். மலர் காத்திருந்தாள். தை போய், மாசி போய், சித்திரை வந்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்தப் பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு வைப்பாள்.

எனக்குப் பொறாமையாக இருந்தது. ஆமாம், அம்மா இல்லாத பெண்ணைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். இருநூறு பாட்டிலுக்கு மேல் அங்கே அடுக்கியிருக்கிறது. ஒன்றில்கூட எங்களைச் சேர்ந்த குரல் கிடையாது. அந்த மேட்டில் எங்களை யாரும் தேடியதும் இல்லை, கூப்பிட்டதும் இல்லை.

மே மாதம் கோடை விழாவுக்குச் சேலத்திலிருந்து சித்தப்பா பிள்ளைகள் வந்தார்கள். சங்கீதா கல்லூரி முதல் வருடம், அவள் தம்பி லோகேஷ் பத்தாவது முடித்திருந்தான். அந்தச் சனிக்கிழமை மேடம் பெங்களூர் போயிருந்தார். ஷெட் சாவி ஒரு வாரம் மலரிடம், ஒரு வாரம் என்னிடம் இருக்கும். அது என் முறை. மலருக்கு அப்பாவின் காப்பிக் காட்டில் வேலை, வரவில்லை. இரண்டு பேரையும் மேட்டுக்குக் கூட்டிப்போனேன். பெரிய விஞ்ஞானி மாதிரி தட்டைச் சூடாக்கி, ஆட்டு மணி போட்டுக் காட்டினேன். யாரோ ஒருவரின் இருமல் போட்டுக் காட்டினேன்.

"இதுக்காடி அவ்வளவு தூரம் ஜீப்புல குலுங்கிட்டு வந்தோம்? இருமலக் கேக்க?" என்றாள் சங்கீதா.

எனக்குச் சுருக்கென்றது. பேசுகிற பாட்டில் ஒன்று இருக்கிறது என்றேன். ஒரே ஒரு துளிதான் என்று நினைத்துத்தான் எடுத்தேன். லோகேஷும் நானும் கேட்டோம். சங்கீதாவுக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று இன்னொன்று விட்டேன். அதில் வேறு வார்த்தை வந்தது. அடுத்தது என்ன என்று தெரிந்துகொள்ள மூன்றாவது. அதற்குப் பிறகு நாங்கள் மூன்று பேரும் புனலைச் சுற்றித் தலையை முட்டிக்கொண்டு, ஏழையும் கேட்டு முடித்தோம்.

ஏழிலும் என்ன இருந்தது என்று எனக்கு இன்றைக்கும் அட்சரம் பிசகாமல் சொல்ல வரும். "மலரூ, ஏ மலரூ." "ஆடு போனாப் போவுது, நீ வந்துரு சாமி." "எங்க நிக்கற, ஒரு கொரலு குடு." "கருமம், இந்தப் பனிக்குள்ள ஒண்ணுமே தெரியலியே." "அடிக்க மாட்டேன் கண்ணு, நெசமா அடிக்க மாட்டேன்." "பேரச் சொல்லிப்போட்டன்னு பயப்படாத, அம்மாதான் நானு." கடைசித் துளியில் குரல் மாறியிருந்தது. ஓடிவந்து நின்றவர் மூச்சு வாங்கப் பேசுவதுபோல் இருந்தது. "வேணாஞ் சாமி. நீ வாய் தெறக்காத. நின்ன எடத்துலயே நில்லு. அதுதான் சரி. நானே வர்றேன்."

நாங்கள் சிரித்தோம். அந்த இழுவைக்கு, அந்த 'போட்டன்னு'வுக்கு, அந்தக் 'கருமம்' என்ற வார்த்தைக்கு. லோகேஷ் தரையில் உருண்டான். எனக்கு இன்னும் வேகம் வந்துவிட்டது. துப்பட்டாவைத் தலையில் முண்டாசாகக் கட்டிக்கொண்டு, இடுப்பில் கை வைத்து, ஏழையும் அதே குரலில் பேசிக் காட்டினேன். நன்றாக வந்தது. எனக்கே ஆச்சரியமாக இருக்குமளவுக்கு நன்றாக வந்தது. வீட்டுக்குப் போனதும் மத்தியானச் சாப்பாட்டில் மறுபடி செய்யச் சொன்னார்கள். செய்தேன். அப்பாகூடச் சிரித்தார். அவர்கள் ஊருக்குப் போன பிறகும் வீடியோ காலில் சங்கீதா, "அந்த மலைக்காரி மாதிரி பேசுடி" என்பாள். பேசுவேன்.

அன்றைக்கு ஷெட்டைப் பூட்டிக் கிளம்பும்போதுதான் காலி பாட்டில் கண்ணில் பட்டது. நான் என்ன செய்தேன் தெரியுமா? வீட்டிலிருந்து கொண்டுபோயிருந்த குழாய்த் தண்ணீரை அதில் விட்டேன். எண்ணி, ஏழு துளி. எண்ணி விட்டேன் என்பதை எழுதாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் ராத்திரி படுத்தால் என்னைக் குத்துவது அந்த எண்ணிக்கைதான்.

ஆடியில் ராசம்மாளின் இரண்டாம் வருடக் கும்பிடு, அதாவது நினைவுநாள் படையல், வந்தது. அன்றைக்குச் சித்தன் மனம் மாறிவிட்டார். "ஒரேயொருக்கா கேட்டுப்போடலாஞ் சாமி" என்றாராம். மலர் எனக்குப் போன் செய்து கத்தினாள், சந்தோஷத்தில். நீயும் கூட இருக்க வேண்டும் என்றாள். காய்ச்சல் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. போகாவிட்டால் சந்தேகம் வரும் என்று போனேன்.

சித்தன் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். மடிப்பு கலையாத புதுச் சட்டை. தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தார். ஷெட்டுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு, கோயிலுக்குள் வருவதுபோல் வந்தார். மேடம் தட்டைச் சூடாக்க, மலர் அவரைப் பிடித்துப் புனல் பக்கத்தில் உட்கார வைத்தாள். அப்பாவும் மகளும் ஆளுக்கொரு காதை வைத்தார்கள்.

முதல் துளி. உஸ்ஸ்.

மலர் என்னைப் பார்த்தாள். நான் பாட்டில்கள் அடுக்கிய அலமாரியைப் பார்த்தேன். இரண்டாவது துளியும் அப்படியே. மூன்றாவதுக்கு மேல் வேண்டாம் என்று யாராவது சொல்வார்கள் என்று பார்த்தேன். ஒருவரும் சொல்லவில்லை. ஏழையும் அந்த மனிதர் பொறுமையாகக் கேட்டார். ஒவ்வொன்றும் முடிந்ததும் தலையைத் தூக்கி மகளைப் பார்த்து, மறுபடி குனிந்தார்.

"அடுப்புல தண்ணி சுண்டறாப்பல இருக்குதுங்க மேடம்" என்றார் கடைசியில். "எனக்குத்தான் காது மந்தமுங்களா?"

ஆறு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் குரல் அழிந்துவிடுகிறது போலிருக்கிறது என்று மேடம் நோட்டில் எழுதிக்கொண்டார். என் பொய் இப்படியாக விஞ்ஞானமும் ஆனது. மலர் அதைக் காதில் வாங்கவே இல்லை.

"இல்லீங்க மேடம். அன்னிக்கு அத்தன நேரம் கூப்புட்டாங்க. நான் பதில் சொல்லல. இப்பவும் ஏழு மாசமாக் காக்க வெச்சேன். இனி எதுக்குக் கூப்புடணும்னு போயிட்டாங்க."

நான் அவள் தோளைத் தொட்டேன். "உங்கம்மா அப்படியெல்லாம் நெனச்சிருக்க மாட்டாங்கடி" என்றேன்.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றாள்.

எனக்குத் தெரியும். உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். நீ வாய் திறக்காதே, அதுதான் சரி என்று அந்த அம்மாவே சொன்னதை இந்தக் காதால் கேட்டிருக்கிறேன். அந்த ஒரு வரி போதும், ஆறு வருடமாக அவள் சுமப்பதை இறக்கிவைக்க. ஆனால் வரியைச் சொன்னால் எங்கே கேட்டாய் என்பாள். ஆகவே நான் வாயை மூடிக்கொண்டேன்.

அதன்பின் மலர் சனிக்கிழமை வேலைக்கு வருவதை நிறுத்திவிட்டாள். பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள், பேச மாட்டாள். நான் ஊமையாக இருந்தே மூன்று வாரத்தை ஓட்டினேன். கனவில் உன் அம்மா வந்து சொன்னார் என்று ஒரு கதை கட்டலாமா என்றுகூட யோசித்தேன். யோசித்தது மட்டுமில்லை, கண்ணாடி முன் நின்று ஒத்திகையும் பார்த்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் சித்தன் எங்கள் கடைக்கு வந்தார். கையில் ஒரு பை நிறையப் பேரிக்காய். அப்பா அவரை உள்ளே வரச் சொல்லவில்லை, என்ன வேண்டும் என்று கல்லாவில் இருந்தபடியே கேட்டார். சித்தன் படிக்குக் கீழேயே நின்றுகொண்டார்.

"ஏனுங்க, பாப்பாகிட்ட ஒரு வார்த்த பேசோணுமுங்க."

நான் இறங்கிப் போனேன். பையை என் கையில் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

"கண்ணு, மலரு பள்ளிக்கோடம் உட்டு ஊட்டுக்கு வர்றதில்ல. நேரா மேட்டுக்குப் போயிடறா. பனிக்குள்ள நின்னுக்கிட்டு, இங்க இருக்கேம்மா, இங்க இருக்கேம்மான்னு கத்தறா. அந்தப் பக்கம் பள்ளம். காட்டுமாடு வேற சுத்திக்கிட்டுக் கெடக்குது. நான் சொன்னா கேக்க மாட்டேங்கறா. நீ நொம்ப வேண்டப்பட்டவ. நீ ஒரு வார்த்த சொன்னா கேப்பா சாமி."

நான் தலையை ஆட்டினேன். அவர் கும்பிட்டார். பதினேழு வயதுப் பெண்ணைப் பார்த்து, அதுவும் என்னைப் பார்த்து, அந்த மனிதர் இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். கடைக்குள் அப்பா ஒரு பேரிக்காயை எடுத்துக் கடித்து, "நல்லா இருக்குது" என்றார்.

அன்றைக்குச் சாயங்காலம் ஜீப் பிடித்துச் செம்மநத்தம் போனேன். மேட்டில் பனி நன்றாக இறங்கியிருந்தது. மலர் எங்கே என்று தேட வேண்டியிருக்கவில்லை. சத்தம் கேட்டது.

"அம்மா! இங்க இருக்கேன்! பாறைக்குப் பின்னாடி இருக்கேன்! அம்மா!"

கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது. கிட்டே போனேன். பள்ளத்துக்கு இரண்டடி இந்தப் பக்கம் நின்றிருந்தாள். கையைப் பிடித்து இழுத்தேன். உதறினாள். அப்போதும் நான் உண்மையைச் சொல்லத் தொடங்கவில்லை. "விழுந்துடுவ, வா" என்றேன், "இப்படிக் கத்தினா உங்கம்மா வந்துடுவாங்களா" என்றேன், நல்ல சிநேகிதி பேசுவதையெல்லாம் பேசினேன். அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் மறுபடி, "அம்மா" என்று தொடங்கினாள். அந்தக் குரல் உடைந்து காற்றாகத்தான் வந்தது.

"உங்கம்மா போகலடி. நான்தான் தீத்துட்டேன்" என்றேன்.

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். சாவி, சங்கீதா, லோகேஷ், ஏழு துளி, குழாய்த் தண்ணீர். எண்ணி விட்டதையும். சிரித்ததைச் சொல்லும்போது மட்டும் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. முண்டாசு கட்டிப் பேசிக் காட்டியதையும் சொன்னேன். அப்பா சிரித்ததையும் சொன்னேன். எனக்கு அழுகை வந்தது. அழுதால் அவள் என்னைத் தேற்ற வேண்டியிருக்குமே என்று நினைத்து அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவள் தேற்றவும் இல்லை.

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"என்ன சொன்னாங்க?" என்றாள்.

"யாரு?"

"எங்கம்மா. ஏழு துளியிலயும் என்ன சொன்னாங்க?"

சொன்னேன். முதல் இரண்டைத்தான் சொல்லியிருப்பேன். கையை நீட்டி நிறுத்தினாள்.

"இப்படி இல்ல. பாடம் ஒப்பிக்கற மாதிரி வேணாம். உங்க சங்கீதாவுக்குப் பேசிக் காட்டுனியே, அப்படிச் சொல்லு."

"வேண்டாம் மலர்."

"அவளுக்குக் காட்டுன. உங்கப்பனுக்குக் காட்டுன. எனக்குக் காட்ட மாட்டியா?"

நான் காட்டினேன். மலரூ, ஏ மலரூ. ஆடு போனாப் போவுது. எங்க நிக்கற, ஒரு கொரலு குடு. எத்தனை தடவை செய்தது! இழுவை தானாக வந்தது, மூச்சு வாங்குவது தானாக வந்தது. மலர் கண்ணை மூடிக்கொண்டாள். நாலு, ஐந்து, ஆறு. பேரச் சொல்லிப்போட்டன்னு பயப்படாத, அம்மாதான் நானு.

அப்போது பனிக்குள் யாரோ ஓடிவருகிற சத்தம் கேட்டது. கல் சரிந்தது. மகளைத் தேடி மேடேறி வந்துகொண்டிருந்த சித்தன்.

"ராசு!" என்று கத்தினார். "ராசு! எங்க இருக்கற? ராசு!"

வாழ்நாளில் பனிக்குள் ஒரு பெயரைச் சொல்லியிராத மனிதர். விழுந்து எழுந்து, முட்டியில் ரத்தத்தோடு பனியைக் கிழித்துக்கொண்டு எங்கள் முன்னால் வந்து நின்றார். அவர் முகம் அப்போது இருந்த மாதிரி இன்னொரு முகத்தை நான் பார்த்ததில்லை. அப்புறம் என்னைப் பார்த்தார். என் வாய் இன்னும் திறந்தபடி இருந்தது. அந்த முகம் அணைந்ததை நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"நீயா கண்ணு" என்றார்.

அந்த இடத்திலேயே பள்ளத்தில் குதித்துவிடலாமா என்று இருந்தது. மலர் அவர் கையைப் பிடித்து, நடந்ததை நாலே வார்த்தையில் சொன்னாள். அவர் என்னைத் திட்டவில்லை. ஒரு கல்லில் உட்கார்ந்து முட்டியைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னும் ஒண்ணு இருக்குதுப்பா" என்றாள் மலர். என் பக்கம் திரும்பினாள். "ஏழாவதச் சொல்லு."

"வேணாஞ் சாமி. நீ வாய் தெறக்காத. நின்ன எடத்துலயே நில்லு. அதுதான் சரி. நானே வர்றேன்."

மலர் கேட்டுக்கொண்டே நின்றவள் மெல்ல மண்டியிட்டு, அப்பாவின் தோளில் முகத்தை வைத்து அழ ஆரம்பித்தாள். இந்த மூன்று வாரத்தில் அவள் அழுது நான் பார்க்கவில்லை. சித்தன் அவள் முதுகைத் தடவிக்கொண்டே, "கேட்டியா, சரின்னுதானே சொல்லியிருக்கறா. சரின்னுதானே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நான் அவர்கள் எதிரில் எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றேன்.

கீழே இறங்கும்போது மலர் சொன்னாள். "மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காத. மன்னிக்கல. ஆனா நாளைக்கு வா. ஊட்டுக்கு வந்து சொல்லு."

மேடத்திடமும் சொன்னேன். அவர் நோட்டில் ஆறு மாதக் கணக்கை அடித்துவிட்டு, கையை நீட்டினார். சாவியைக் கொடுத்தேன். இனி வர வேண்டாம் என்றார். நியாயம்தான்.

இப்போது சனிக்கிழமைகளில் செம்மநத்தம் போகிறேன், வலை கழுவ இல்லை. சித்தன் வீட்டு அடுக்களையில் நின்று ஏழையும் சொல்லிவிட்டு வருகிறேன். சித்தன் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக் கேட்பார். போன வாரம் ஐந்தாவது முடிந்ததும் கண்ணைத் திறந்து, "இது கொஞ்சம் மாறிப்போச்சுங்களே" என்றார். என்னிடம், 'ங்க' போட்டு. மாறித்தான் இருந்தது. அந்தக் குரல் என் தொண்டையில் கொஞ்சம் கொஞ்சமாக என் குரலாகிக்கொண்டிருக்கிறது. எவ்வளவு கெட்டியாகப் பிடித்தும் நிற்கவில்லை. அதை அவர்களிடம் சொல்ல எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

மலர் அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுதான் கேட்பாள். முடிந்ததும், "சரி, போ" என்பாள். நான் வருகிறேன்.